விளையாட்டும் சட்டமும்: ஐரோப்பியத் தீர்ப்புகளினூடாக இலங்கை விளையாட்டுச் சட்டம் பற்றிய ஒரு நோக்கு

1973ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய அரசுப் பேரவை 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு மறு ஆண்டு, 1974 டிசெம்பர் 12ஆம் நாள், லக்சம்பர்க் நகரில் அமைந்த ஐரோப்பியச் சமூகங்களின் நீதிமன்றம் சைக்கிள் ஓட்டத்துறையைச் சேர்ந்த ஒல்லாந்தர் இருவரின் வழக்கிலே தீர்ப்பு வழங்கியது. ஒன்றையொன்று அறியாது நிகழ்ந்த இவ்விரண்டும் உண்மையில் ஒரே வினாவுக்கு அளிக்கப்பட்ட இருவேறு விடைகளாகும். விளையாட்டை நடத்தும் சங்கங்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொள்ளும் விதிகளினுள் நாட்டின் பொதுச் சட்டம் நுழையலாமா, நுழையலாமெனின் எவர் வாயிலாக நுழைவது என்பதே அவ்வினா. அமைச்சர் வாயிலாக என்றது கொழும்பு. பாதிக்கப்பட்டவர் வாயிலாக என்றது லக்சம்பர்க். ஆரையம்பதியில் மாலை வேளையிற் பந்துதைக்கும் ஓர் இளைஞனுக்கு இவ்வேறுபாட்டினால் ஆவது என்ன எனக் கேட்பது வீண்வேலையன்று. 2023ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் அவ்வேறுபாட்டின் விலையை அவனிடமே அறவிட்டன.

முற்காலத்தில் ஆரைப்பற்றை எனவும் வழங்கிய ஆரையம்பதி, மட்டக்களப்பு வாவிக்கும் கிழக்குக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையில், காத்தான்குடிக்குத் தெற்கே, கல்முனை வீதியின் இருமருங்கும் அமைந்த ஊர். மண்முனைப்பற்றுப் பிரதேச செயலகம் அமைந்திருப்பதும் இங்கேயே. இவ்வூர் இளைஞர் ஒன்றுகூடி ஒரு விளையாட்டுக் கழகம் அமைப்பராயின், அதனைப் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிவுசெய்கின்றனர். பிரதேச விளையாட்டு விழாவிலே கழகத்தின் பெயரால் இறங்கி, அங்கிருந்து மாவட்டம், மாகாணம், தேசியம் என மேலேறுவதற்கு இது முதற்படி. அப்படிகளின் உச்சியில் இருப்பவர் விளையாட்டுத்துறை அமைச்சர். அதே கழகம் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில் முறைப்படி ஆடவேண்டுமாயின் மாவட்ட உதைபந்தாட்ட அமைப்போடு இணைதல் வேண்டும். மாவட்ட அமைப்பு கொழும்பிலுள்ள சம்மேளனத்துக்குக் கட்டுப்பட்டது. சம்மேளனம் கோலாலம்பூரிலுள்ள ஆசியக் கூட்டமைப்புக்கும், சூரிச்சிலுள்ள உலகச் சம்மேளனமாகிய பீபாவுக்கும் கட்டுப்பட்டது. ஆக, ஆரையம்பதிக் கழகமொன்றின் காலில் இரண்டு கயிறுகள் கட்டப்பட்டுள்ளன. ஒன்றின் மறுமுனை அமைச்சரின் கையில். மற்றதன் மறுமுனை சூரிச்சில். இரண்டு முனைகளிலும் அக்கழகத்தின் குரலுக்கு இடமில்லை.

1973ஆம் ஆண்டுச் சட்டத்தை வெறும் அதிகாரவேட்கையின் வெளிப்பாடு எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அது தோன்றிய காலத்தையும் நோக்குதல் வேண்டும். காணிச் சீர்திருத்தச் சட்டம் 1972இல் வந்தது; லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசின் வசமாக்கிய சட்டம் அதே 1973இல் வந்தது. சிலரின் கையில் இருந்ததைப் பலருக்கு உரியதாக்குவதற்கு அரசே வழி என்னும் நம்பிக்கை ஓங்கியிருந்த காலம் அது. கொழும்பின் கழகங்களும் சில பெரும் பாடசாலைகளின் பழைய மாணவர் வட்டங்களும் தம்முள்ளே பகிர்ந்துகொண்ட விளையாட்டு நிருவாகத்தைக் கிராமங்களுக்கும் கொண்டுசெல்ல வேண்டுமென்பது நியாயமான விருப்பமே. தேசிய விளையாட்டுப் பேரவை, தேசியச் சங்கங்களின் பதிவு, கணக்குவழக்குகளின் மேற்பார்வை என்பன அவ்விருப்பத்தின் வடிவங்கள்.

ஆனால் விருப்பம் சட்டமாக எழுதப்பட்டபோது அதன் இலக்கணம் மாறிப்போயிற்று. அச்சட்டத்தின் வாக்கியங்களில் எழுவாயாக அமைபவர் பெரும்பாலும் அமைச்சரே. ஒரு தேசியச் சங்கத்தின் பதிவை இடைநிறுத்துபவர் அமைச்சர். இரத்துச் செய்பவர் அமைச்சர். அச்சங்கத்தின் பணிகளை நடத்த வேறோரை நியமிப்பவர் அமைச்சர். ஒழுங்குவிதிகளை ஆக்கி வர்த்தமானியில் வெளியிடுபவர் அமைச்சர். நாட்டின் பெயரால் வெளிநாடு செல்லும் அணிக்கு ஒப்புதல் அளிப்பவரும் அமைச்சர். விளையாட்டு வீரனோ இவ்வாக்கியங்களிற் செயப்படுபொருள். அவன் தெரிவுசெய்யப்படுகின்றான், அனுப்பப்படுகின்றான், நிறுத்தப்படுகின்றான். ஏன் நிறுத்தப்பட்டான் எனக் கேட்பதற்கும், கேட்ட கேள்விக்குக் குறித்த காலத்துள் எழுத்திலே விடை பெறுவதற்கும் அவனுக்கு வழிவகுப்பதில் அச்சட்டம் காட்டிய அக்கறை மிகச் சிறிது. கொழும்புக் கழகங்களின் கையில் இருந்த கோலைப் பிடுங்கி அமைச்சின் கையிற் கொடுத்ததோடு சீர்திருத்தம் நின்றுவிட்டது. கோல் யாரை அடிக்கின்றது என்பது கவனத்திற்கு வரவில்லை.

அதன் விளைவைத் துடுப்பாட்டத்தின் வரலாறு காட்டுகின்றது. 1996இல் உலகக் கிண்ணத்தை வென்ற நாடு, மூன்று ஆண்டுகளுக்குள், 1999இல், தெரிவுசெய்யப்பட்ட நிருவாகத்தை இழந்து இடைக்காலக் குழுவொன்றின் கீழ் வந்தது. அதன்பின் இடைக்காலக் குழு என்னும் சொல் இலங்கைத் துடுப்பாட்டத்தின் நிரந்தரச் சொற்களுள் ஒன்றாயிற்று. அமைச்சர்கள் மாறினர், ஆட்சிகள் மாறின, 2015இலும் ஒரு குழு, 2023இலும் ஒரு குழு. ஒவ்வொரு முறையும் ஊழல் ஒழிப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. அது பொய்க்காரணம் என்பதற்கில்லை. ஆனால் ஊழலைக் கண்டறிந்து தண்டிப்பதற்கு நீதிமன்றமும் கணக்காய்வும் இருக்க, சங்கத்தையே கலைப்பது எப்பொழுதும் முதல் மருந்தாக ஏன் அமைய வேண்டும் என்னும் கேள்விக்கு அச்சட்டத்தில் விடையில்லை. அளவுக்கேற்ற தண்டம் என்னும் கருத்து அதில் இடம்பெறவில்லை.

இனி லக்சம்பர்க்கை நோக்கலாம். 1974ஆம் ஆண்டு வழக்கு வினோதமான ஒரு போட்டியிலிருந்து எழுந்தது. மோட்டார்ச் சைக்கிளில் ஒருவர் காற்றைக் கிழித்து முன்னே செல்ல, அவரின் பின்னே ஒட்டியபடி சைக்கிள் வீரர் ஓடுவது அப்போட்டி. முன்னே செல்பவர் ஒருவகைத் தொழிலாளி. எந்நாட்டு வீரருக்கும் கூலிக்கு ஓடுவார். வால்றாவ், கொக் என்னும் இரு ஒல்லாந்தர் அத்தகையோர். உலகச் சாம்பியன் போட்டிகளில் முன்னோடியும் பின்னோடியும் ஒரே நாட்டவராயிருத்தல் வேண்டும் எனச் சர்வதேசச் சைக்கிள் ஒன்றியம் விதித்தபோது அவர்களின் பிழைப்புக்கு இடையூறு நேர்ந்தது. நாட்டினம் நோக்கித் தொழிலாளரை வேறுபடுத்தலாகாது எனக் கூறும் ஐரோப்பிய உடன்படிக்கை அரசுகளைக் கட்டுப்படுத்துவது தெரிந்ததே. ஒரு தனியார் விளையாட்டு ஒன்றியத்தை அது கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தும் என்றது நீதிமன்றம். தொழிலைக் கூட்டாக ஒழுங்குபடுத்தும் விதி எவர் ஆக்கியதாயினும் அது உடன்படிக்கைக்கு உட்பட்டதே. அரசு போட்ட தடையை அகற்றிவிட்டு, அதே தடையைச் சங்கம் போடுவதை அனுமதித்தால் உடன்படிக்கை பொருளற்றதாகிவிடும். அதே வேளை நீதிமன்றம் இரண்டு எல்லைகளையும் வரைந்தது. விளையாட்டு பொருளாதாரச் செயற்பாடாக அமையும் அளவுக்கே சட்டம் அதனுள் வரும் என்பது ஒன்று. தேசிய அணியில் அந்நாட்டவரே ஆடவேண்டும் என்பது போன்ற, விளையாட்டு நோக்கம் ஒன்றையே கொண்ட விதிகளைச் சட்டம் தொடாது என்பது மற்றொன்று.

இத்தத்துவம் உலகறிந்ததாக ஆவதற்கு இருபத்தொரு ஆண்டுகளும், பெல்ஜியத்தைச் சேர்ந்த நடுத்தர ஆட்டக்காரர் ஒருவரும் வேண்டியிருந்தனர். ஜோன் மார்க் பொஸ்மன் லியேஜ் நகரக் கழகமொன்றின் ஆட்டக்காரர். 1990 யூனில் அவரது ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்துக்குக் கழகம் முன்வைத்த மாதச் சம்பளம் 30,000 பெல்ஜிய பிராங்கு; அதற்குமுன் அவர் சராசரியாகப் பெற்றுவந்ததோ 120,000. அவர் மறுத்தார். பிரான்சின் டங்கேர்க் கழகம் அவரை ஏற்க விரும்பியது. ஆனால் அக்காலத்து விதிப்படி, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கும் பழைய கழகம் விலை கேட்கலாம். டங்கேர்க் பணம் செலுத்துமா என்பதில் ஐயுற்ற லியேஜ் கழகம் மாற்றச் சான்றிதழைக் கோரவில்லை. பொஸ்மன் ஓர் ஆட்டகாலம் முழுவதும் ஆடமுடியாதவாறு இடைநிறுத்தவும் செய்தது. வேலையும் இல்லை, வேறிடத்தில் வேலைசெய்யவும் வழியில்லை. பழைய தோட்டத்துத் துண்டுமுறையை அறிந்தோர்க்கு இந்நிலை புதிதன்று. ஒரு தோட்டத்துக் கடனைத் தீர்க்காத தொழிலாளி மறு தோட்டம் போகமுடியாதிருந்தது இலங்கையின் மலைநாட்டிலும் நடந்த கதையே.

1995 டிசெம்பர் 15ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் வேற்று உறுப்புநாட்டுக் கழகத்துக்குச் செல்லும் ஐரோப்பிய ஆட்டக்காரருக்கு மாற்றப்பணம் கேட்பதும், கழகப் போட்டிகளில் வேற்று உறுப்புநாட்டவரின் எண்ணிக்கையை வரையறுப்பதும் உடன்படிக்கைக்கு முரணானவை எனத் தீர்க்கப்பட்டது. பொஸ்மனுக்கு அப்போது 31 வயது. அவரின் பெயரால் மற்றவர்கள் பெருஞ்செல்வம் ஈட்டினர். அவரது ஆட்டகாலமோ வழக்கிலேயே கழிந்துவிட்டது. உரிமையை நிலைநாட்டியவர் அதனை அனுபவிக்காது போவது சட்ட வரலாற்றில் அடிக்கடி காணப்படும் அநீதி. இருந்தும் இவ்வழக்கின் உள்ளடக்கத்தைவிட அதன் அமைப்பே இலங்கை வாசகர் ஊன்றி நோக்கத்தக்கது. பெல்ஜியத்தின் அமைச்சர் எவரும் சங்கத்தைக் கலைக்கவில்லை. இடைக்காலக் குழு எதுவும் அமர்த்தப்படவில்லை. ஓர் ஆட்டக்காரர், தம்மூர் நீதிமன்றத்தில், தமது கழகத்துக்கும் தேசியச் சங்கத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியமான யூஏபாவுக்கும் எதிராக வழக்காடினார். நீதிமன்றம் விதியை அழித்தது, சங்கத்தை அழிக்கவில்லை.

ஐரோப்பிய நீதிமன்றம் எப்பொழுதும் ஆட்டக்காரர் பக்கமே நின்றது எனக் கொள்ளுதல் தவறு. 2000ஆம் ஆண்டில் பெல்ஜிய ஜூடோ வீராங்கனை டெலியேஜ் தமது நாட்டுச் சங்கம் தம்மைச் சர்வதேசப் போட்டிக்குத் தெரிவுசெய்யாமையை எதிர்த்தபோது, இடங்கள் குறைவாயின் தெரிவு தவிர்க்கமுடியாதது, அத்தெரிவு இயல்பாகவே சங்கத்துக்குரியது எனக் கூறிற்று. 2006இல் ஊக்கமருந்து காரணமாகத் தடைசெய்யப்பட்ட மேக்கா மெடினா, மைச்சென் என்னும் நெடுந்தூர நீச்சல் வீரர் இருவர் தோற்றனர். ஆனால் அவர்கள் தோற்ற விதம் முக்கியமானது. ஊக்கமருந்து விதி விளையாட்டு விதியாதலால் சட்டம் அதனைப் பார்க்கவே கூடாது எனக் கீழ் நீதிமன்றம் கூறியதை மேல் நீதிமன்றம் ஏற்கவில்லை. விதியைப் பார்த்தது, அதன் நோக்கம் நியாயமானதா, தண்டம் நோக்கத்தின் அளவை மிஞ்சியதா என நிறுத்தது, மிஞ்சவில்லை எனக் கண்டபின் வழக்கைத் தள்ளியது. சங்கத்தின் விதி சரியென முடிவதற்கும், சங்கத்தின் விதியை எவரும் கேட்கக்கூடாது என்பதற்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. ஐரோப்பியச் சட்டத்தின் முழுச் சாரமும் அத்தூரத்திலேயே அடங்கியுள்ளது எனலாம்.

இப்பின்னணியில் 2023ஆம் ஆண்டை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு சனவரி 21ஆம் நாள், மூன்றாந்தரப்பினரின் தலையீடு எனக் காரணங்காட்டிப் பீபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. சம்மேளனத் தேர்தலை முன்னிட்டு எழுந்த இழுபறி அதன் பின்னணி. இடைநிறுத்தம் ஓகஸ்ற் மாத இறுதியிலேயே நீங்கியது. இடைப்பட்ட ஏழு மாதங்களில் தேசிய அணியோ கழக அணியோ சர்வதேசப் போட்டி எதிலும் ஆடமுடியாது. பயிற்சித் திட்டங்களின் உதவியும் கிடையாது. யூன், யூலை மாதங்களில் பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியச் சாம்பியன் போட்டியில் இலங்கை இல்லை. றகர் நிருவாகத்தை அமைச்சர் கலைத்ததையடுத்து மே மாதத்தில் உலக றகர் அமைப்பும் இலங்கையை இடைநிறுத்தியது. நவெம்பர் 2ஆம் நாள் மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்ட துடுப்பாட்ட அணியின் தோல்வி நாட்டைக் கொதிக்கச் செய்தது. நவெம்பர் 6ஆம் நாள் அமைச்சர் ரொஷான் ரணசிங்க துடுப்பாட்டச் சபையைக் கலைத்து அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை அமர்த்தினார். மறுநாளே சபைத் தலைவரின் மனுவின் பேரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 9ஆம் நாள் பாராளுமன்றம் சபையை விலகக்கோரும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 10ஆம் நாள் சர்வதேசத் துடுப்பாட்டப் பேரவை இலங்கையை இடைநிறுத்தியது. 27ஆம் நாள் அமைச்சர் பதவி இழந்தார். இடைநிறுத்தம் 2024 சனவரி 28இல் நீக்கப்பட்டது.

ஐந்து நாட்களுக்குள் அமைச்சர், நீதிமன்றம், பாராளுமன்றம், உலகப் பேரவை எனும் நால்வரும் பேசினர். பேசாதவர் ஆட்டக்காரர் மட்டுமே. நீதிமன்றத்தின் கதவு திறக்கப்பட்டது உண்மை. ஆனால் அதனைத் தட்டியவர் நிருவாகி. அதிலும் ஒரு வேறுபாடு கருத்திற் கொள்ளத்தக்கது. பெரும்பணம் புரளும் துடுப்பாட்டத்தில், இடைநிறுத்தத்தின் நடுவிலும் தேசிய அணி தொடர்ந்து ஆடலாம் எனப் பேரவை அனுமதித்தது. பணமில்லா உதைபந்தாட்டத்தில் அத்தகைய சலுகை எதுவுமில்லை. துடுப்பாட்டத்திலும் விலை கொடுத்தவர் இளையோரே: 2024ஆம் ஆண்டு இலங்கையில் நடைபெறவிருந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. நிருவாகிக்கு ஏழு மாதம் ஒரு வழக்குத் தவணை. பதினெட்டு வயது ஆட்டக்காரனுக்கு அது வயதெல்லைக்குட்பட்ட அணியில் அவனுக்கிருந்த கடைசி வாய்ப்பு.

இதற்கு நேர் எதிரே ஐரோப்பாவில் நடந்ததைக் கவனித்தல் வேண்டும். துடுப்பாட்டப் பேரவையின் இடைநிறுத்தத்தில் இலங்கை இருந்த அதே நாட்களில், 2023 டிசெம்பர் 21ஆம் நாள், லக்சம்பர்க் நீதிமன்றம் ஐரோப்பிய மேல்நிலை லீக் வழக்கில் பீபாவையும் யூஏபாவையும் நோக்கி, புதிய போட்டிகளுக்கு அனுமதி அளிக்கவும் மறுக்கவும் தண்டிக்கவும் உங்களுக்கு அதிகாரமிருக்கலாம், ஆனால் வெளிப்படையான, புறவயமான, பாரபட்சமற்ற, அளவுக்கேற்ற நியமங்களின்றி அதனைப் பயன்படுத்துவது மேலாதிக்க நிலையின் துர்ப்பிரயோகம் எனும் கருத்துப்படத் தீர்ப்பளித்தது. 2024 ஒக்ரோபர் 4ஆம் நாள் டியாரா வழக்கில், ஒப்பந்தத்தை முறித்த ஆட்டக்காரரையும் அவரைச் சேர்க்கும் புதிய கழகத்தையும் ஒருங்கே தண்டிக்கும் பீபா விதிகளிற் சில சட்டத்துக்கு முரண் எனப்பட்டன. 2025 ஓகஸ்ற் 1ஆம் நாள் பெல்ஜியத்தின் செறேங் கழகத்தின் வழக்கில், லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தின் தீர்ப்புகளையும் உறுப்புநாடுகளின் நீதிமன்றங்கள் ஆராய முடிதல் வேண்டும் எனப்பட்டது. பீபாவின் இருப்பிடமும் அம்மன்றத்தின் இருப்பிடமும் சுவிற்சர்லாந்து; சுவிற்சர்லாந்தோ ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்புநாடன்று. வாசலுக்கு வெளியே நிற்கும் அமைப்பைக்கூட ஐரோப்பாவின் சட்டம் கேள்வி கேட்கின்றது. அதே அமைப்பின் ஒரு கடிதத்துக்கு முன்னே இலங்கையின் சட்டமும் அமைச்சரும் நீதிமன்றமும் செய்வதறியாது நின்றன. நாட்டின் சிறுமை மட்டும் இதற்குக் காரணமன்று. இலங்கை தன் சங்கங்களை நியமங்களால் ஆளாமல் ஆணைகளால் ஆண்டமையால், உலக அமைப்பு தலையீடு எனும் ஒற்றைச் சொல்லை எறிந்தபோது எதிர்த்துக் காட்ட நியாயமான நடைமுறை எதுவும் கையில் இருக்கவில்லை.

ஐரோப்பியச் சட்டத்தின் நன்மை இலங்கைக்கு வந்து சேராத வகையை வேறோரிடத்திலும் காணலாம். 2003இல் ஸ்லோவாக்கியக் கைப்பந்துக் காவலர் கொல்பக் ஜேர்மனியில் வென்ற வழக்கு, ஒன்றியத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட வெளிநாட்டவருக்கும் கதவைத் திறந்தது. ஆபிரிக்க, கரிபிய, பசுபிக் நாடுகளோடு செய்யப்பட்ட கொற்றொனு உடன்படிக்கையின் வழியே தென்னாபிரிக்க, மேற்கிந்தியத் துடுப்பாட்டக்காரர் பலர் இங்கிலாந்தின் மாவட்டக் கழகங்களிற் சேர்ந்தனர். இலங்கை அவ்வுடன்படிக்கையில் இல்லை. கைப்பந்துக் காவலர் ஒருவரின் வழக்கு துடுப்பாட்டத்தின் போக்கை மாற்றியதும், இலங்கையர் அதனை வெளியே நின்று பார்த்ததும், பிரித்தானியா ஒன்றியத்தைவிட்டு விலக 2020ஆம் ஆண்டோடு அது முடிந்ததும் சட்டத்தின் விந்தைகளுள் ஒன்று.

ஐரோப்பாவைப் போற்றுதலோடு நின்றுவிடுதலும் பொருந்தாது. அங்கே சட்டம் விளையாட்டினுள் நுழைந்தது சந்தையின் வாசலால். ஆட்டக்காரர் மனிதர் என்பதற்காகவன்று, தொழிலாளர் என்பதற்காகவே அவருக்கு உரிமை கிடைத்தது. 1995 மே மாதத்தில் தானே வளர்த்த இளைஞரைப் பெரும்பாலும் கொண்டு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அஜக்ஸ் கழகத்தின் அணி, பொஸ்மன் தீர்ப்பின் பின் சில ஆண்டுகளுக்குள் பணக்காரக் கழகங்களிடையே சிதறிப்போயிற்று. வளர்த்தவருக்கு ஈடு வேண்டும் என்னும் நியாயத்தை 2010இல் பேர்னார்ட் வழக்கிலே நீதிமன்றமும் ஏற்க நேர்ந்தது. ஆரையம்பதியின் பார்வையில் இக்குறை இன்னும் பெரிது. இவ்வூரின் ஆட்டக்காரன் ஊதியம் பெறுபவனல்லன். சப்பாத்தும் பேருந்துக் கட்டணமும் அவன் கைக்காசு. பொருளாதாரச் செயற்பாடு என்னும் வாசலில் அவனை நிறுத்தினால் அவன் உள்ளே போகமாட்டான். ஆதலால் பொஸ்மன் தீர்ப்பை அப்படியே இறக்குமதி செய்வதால் இலங்கைக்கு ஆவது சிறிதே. இறக்குமதி செய்யத்தக்கது தீர்ப்பன்று, தீர்ப்பின் அளவுகோல்: விதிக்கு நியாயமான நோக்கம் உண்டா, தண்டம் அளவுக்கேற்றதா, காரணம் எழுத்தில் தரப்பட்டதா, தண்டித்தவரல்லாத ஒருவரிடம் முறையிடலாமா?

இவ்வளவுகோல் மேனாட்டுச் சரக்கு, கீழைத்தேயத்து ஊர்களுக்கு ஒவ்வாதது என்பாரும் உளர். அவர்கள் மட்டக்களப்புப் பிரதேசத்தின் கொம்புமுறி விளையாட்டை நினைவிற் கொள்ளுதல் நன்று. வீ. சி. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் இதனைப் பற்றிப் பேசுகின்றது. மழை வேண்டியும் நோய் நீங்கவும் கண்ணகியம்மனை முன்னிட்டு ஆடப்படும் இவ்விளையாட்டில் ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொழுவி, வடங்கட்டி இருசாராரும் இழுக்க, ஒன்று முறியும். வண்ணக்கரும் ஊர்ப் பெரியோரும் ஆட்டத்தை ஆள்பவர்கள். அவர்கள் ஆளும் இடமும் ஆட்டம் நடக்கும் இடமும் ஒன்றே. பிழை செய்தால் மறுநாட் காலையில் அதே வீதியில் அதே மனிதரின் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். பொறுப்புக்கூறல் எனச் சட்டநூல்கள் நீட்டி எழுதுவது அங்கே முற்றத்திலேயே இருந்தது. ஆனாற் பழைமையைப் பாராட்டுவோர் மறைக்கும் மறுபக்கமும் ஒன்றுண்டு. சேரி வழிவழியாக வருவது, ஆட்டக்காரன் தேர்ந்துகொள்வதன்று. தென்சேரியான் வடசேரிக்கு மாறுவதைப் பற்றிய பேச்சுக்கே அங்கு இடமில்லை. பொஸ்மனின் பழைய கழகமாவது விலை கிடைத்தால் விட்டிருக்கும். ஊர் தந்தது அண்மை. ஐரோப்பா தந்தது விடுதலை. 1973ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டில் ஒன்றையும் தரவில்லை. ஆள்பவரை ஊரிலிருந்து கொழும்புக்குத் தூரமாக்கிற்று. தூரத்தைக் கடந்து கேள்வி கேட்கும் வழியைத் திறக்கவில்லை.

அவ்வழி அரசியலமைப்பில் உண்டே எனலாம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தை அளிக்கின்றது. 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்திற் முறையிடலாம். ஆனால் முறையீடு ஒரு மாதத்துக்குள் செய்யப்படல் வேண்டும். உயர் நீதிமன்றம் கொழும்பில். ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராகவே அம்முறையீடு நிற்கும். தன்னை நீக்கியது அமைச்சா, சங்கமா, மாவட்ட அமைப்பா எனத் தெளிவதற்குள்ளேயே ஆரையம்பதி இளைஞனுக்கு மாதம் முடிந்துவிடும். தெளிந்தாலும் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணத்தில் அவனது கழகம் சில ஆண்டுகளுக்குப் பந்து வாங்கலாம்.

1973இன் பின்னர் வந்த சட்டங்கள் இக்குறையை உணர்ந்தனவா என நோக்கின், விசித்திரமான ஒன்று புலப்படுகின்றது. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் ஊக்கமருந்துக்கு எதிரானது. 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் ஆட்ட நிர்ணயம் முதலிய குற்றங்களுக்குப் பத்தாண்டு வரை சிறை விதிப்பது. இரண்டும் வேண்டியவையே, தென்னாசியாவில் இத்துறையில் இலங்கை முன்னே நின்றது என்பதும் பெருமைக்குரியதே. ஆயினும் அமைச்சரை எழுவாயாகக் கொண்ட சட்டத்துக்குப் பின், ஆட்டக்காரரை நேரே நோக்கி எழுதப்பட்ட சட்டங்களில் அவர் தோன்றுவது சோதிக்கப்படுபவராகவும் சந்தேகிக்கப்படுபவராகவுமே. முறையிடுபவராக அவரைக் காண இன்னொரு சட்டம் வேண்டும்.

அத்தகைய சட்டம் பெரிதாயிருக்க வேண்டியதில்லை. சங்கத்தைக் கலைக்குமுன் காட்டவேண்டிய காரணங்கள் எவை என வரையறுத்து, அதனை உறுதிசெய்யும் அதிகாரத்தை அமைச்சரிடமன்றி ஒரு சுயாதீன நியாயசபையிடம் வைக்கும் ஒரு பிரிவு; அச்சபை மட்டக்களப்பு உட்பட மாவட்டத் தலைநகரங்களில் அமரவேண்டும் என ஒரு பிரிவு; கட்டணமின்றி, சட்டத்தரணியின்றி, தமிழிலோ சிங்களத்திலோ கையால் எழுதிய மனுவை ஏற்கவேண்டும் என ஒரு பிரிவு; அடுத்த போட்டிக்கு முன் விடையளிக்க வேண்டும் என ஒரு பிரிவு. உலக அமைப்புகள் இதனைத் தலையீடு எனக் கூறுமாயின், அவர்களுக்கு லக்சம்பர்க் நீதிமன்றம் விதித்த அதே நான்கு நியமங்களையே இச்சட்டமும் விதிக்கின்றது என மறுமொழி எழுதலாம். அக்கடிதத்தை எழுதும் நிலைக்கு இலங்கை 2023இல் வந்திருக்கவில்லை.